பெயருக்கு வந்த பொதி

தனியார் கூரியர் நிறுவனங்களின் நிபந்தனைகளில் ஒன்று நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதில்லை. தபால் பெட்டி இலக்கத்தை மட்டும் விலாசமாக எழுதிய பொதியை அவர்கள் ஏற்கமாட்டார்கள். அனுப்ப வந்தவருக்கு இது வெறும் பிடிவாதமாகத் தெரியும். ஆனால் காரணம் இருக்கிறது. தபால் பெட்டி தபாலகத்தின் சுவருக்குள் இருப்பது. முன்பக்கத் திறப்பு வாடகைக்கு எடுத்தவரிடம் இருக்கும்; பின்பக்கத்தைத் தபால் ஊழியர் மட்டுமே கையாளலாம். வெளியாள் அங்கே எதையும் வைக்க முடியாது. அமெரிக்காவில் வீட்டு வாசலில் நிற்கும் தபால் பெட்டிக்குள்ளும் முத்திரை ஒட்டாத எதையும் பிறர் போடக்கூடாது என்று 1934இல் சட்டம் வந்தது. அது செல்லும் என்று 1981இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. இதைவிடப் பெரிய காரணம் கையெழுத்து. பொதியைப் பெற்றவர் ஒப்பமிட்டால்தான் கூரியர்காரரின் பொறுப்பு தீரும். பெட்டி கையெழுத்து வைக்காது.

இந்தச் சின்ன வணிக விதிக்குள் ஒரு பழைய தத்துவக் கேள்வி மறைந்திருக்கிறது. ஒருவருக்கு ஒன்றை அனுப்பும்போது நாம் எதற்கு அனுப்புகிறோம்? அவர் இருக்கும் இடத்துக்கா, அவருக்கா? இரண்டும் ஒன்றுதான் என்று நிலையான வீடும் மாறாத தெருப்பெயரும் உள்ளவர்கள் சொல்லிவிடலாம். வளைகுடா நாடுகளில் அப்படிச் சொல்ல முடியவில்லை. அங்கே நெடுங்காலம் வீட்டுக்கு வீடு கடிதம் போகும் வழக்கமே இருக்கவில்லை. கந்தோருக்கும் வீட்டுக்கும் தபால் பெட்டிதான் விலாசம். அதனால் பெட்டி இலக்கத்தை மறுக்கும் உலக நிறுவனங்களே அங்கே தொலைபேசி இலக்கம் இருந்தால் சரி என்று இறங்கி வந்தன. இடம் தெரியாவிட்டாலும் ஆள் அகப்பட்டால் போதும் என்பதே அந்த விட்டுக்கொடுப்பின் பொருள். விதியை எழுதியவர்களுக்கே விதியின் அடி ஆட்டங்காணும் இடம் அது. வன்னியிலும் அது ஆட்டங்காணும்; ஆனால் இங்கே காரணம் பாலைவனத்து நகரமைப்பு அல்ல.

வன்னிப் பெருநிலத்தில் விலாசம் என்பது கடந்த நாற்பது ஆண்டுகளில் பலமுறை செத்துப் பிழைத்த ஒன்று. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி மக்களும் ஊரைவிட்டுப் போனார்கள். புத்தளத்து முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் என்பது பெற்றோர் சொல்லக் கேட்ட பெயராக மட்டும் இருந்தது. 1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த பல்லாயிரம் பேர் வன்னிக்குள் வந்தார்கள். அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரமே இராணுவத்தின் கையில் விழ, வந்தவர்களும் இருந்தவர்களும் சேர்ந்து மீண்டும் நகர்ந்தார்கள். பிறகு 2008, 2009. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒரே குடும்பம் சில மாதங்களுக்குள் எத்தனை இடத்தில் தறப்பாள் கட்டியது என்பது ஊரறிந்த கதை. அதன்பின் செட்டிகுளம் மெனிக்பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெருமக்களின் பெயர் சூட்டிய வலயங்களும் கூடார இலக்கங்களும் விலாசமாயின. (அந்தப் பெருமக்களில் ஒருவரும் இப்படி ஒரு கௌரவத்தை எதிர்பார்த்திருக்கமாட்டார்.) 2012 செப்ரெம்பரில் முகாம் மூடப்பட்டதோடு அந்த விலாசங்களும் இல்லாமற்போயின. இடத்தைத்தான் ஆள் என்று கொண்டால், வன்னியில் இருந்தவர்கள் ஒவ்வொரு இடப்பெயர்விலும் வேறு வேறு ஆட்களாக மாறியிருக்க வேண்டும்.

கூரியர்காரரின் நிலைப்பாட்டுக்குச் சட்டத்திலும் சாத்திரத்திலும் நல்ல பின்பலம் உண்டு. அதைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. இலங்கையில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின்படி நன்கொடை என்பது பெறுபவர் ஏற்றால்தான் நிறைவேறும். யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு மிதாட்சரம் என்னும் உரை எழுதிய விஞ்ஞானேசுவரரும் இதையே சொன்னார். கொடுப்பவர் தன் உரிமையை விட்டுவிடுவதால் மட்டும் தானம் முடிவதில்லை. மற்றவர் ஏற்கும்போதுதான் அவருக்கு உரிமை பிறக்கிறது. அந்த ஏற்பை மனத்தால், சொல்லால், உடலால் என்று மூன்றாகவும் அவர் வகுத்தார். வங்கத்து ஜீமூதவாகனர் தாயபாகத்தில் இதற்கு எதிர்நிலை எடுத்தார். அறிவுள்ள ஓர் உயிரைக் கருதி ஒருவர் தன் பொருளை விட்டுவிட்ட அந்தக் கணமே அது அவருக்குரியதாகிவிட்டது. ஏற்பு பின்னால் வருவது என்பது அவர் கட்சி. பிண்டத்தால் யார் யாருக்கு நன்மை செய்கிறார் என்பதை வைத்து வாரிசுரிமையை ஆராய்ந்தவருக்கு, கண்ணெதிரே இல்லாதவரும் பெற வல்லவரே என்று தோன்றியதில் வியப்பில்லை. சர்வதேச தபால் ஒன்றியத்தின் உடன்படிக்கை இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. உரியவரிடம் சேரும்வரை பொதி அனுப்பியவருக்கே சொந்தம் என்கிறது அது. அப்படியானால் வழியில் இருக்கும் பொதியைச் சுமப்பவர் யார்? சொந்தக்காரர் அல்லர், பெறுபவரும் அல்லர். இருவருக்காகவும் வைத்திருப்பவர். எனக்கு முக்கியமாகப்படுவது இந்த மூன்றாவது ஆளின் நிலைதான்.

விஞ்ஞானேசுவரரின் மூவகை ஏற்பில் கூரியர் கேட்பது கடைசி வகையை மட்டும்: உடலால் ஏற்பது, அதாவது கையை நீட்டி வாங்கி ஒப்பமிடுவது. தபால் பெட்டி கேட்பது முதல் வகையை. ஒருவர் பெட்டியை வாடகைக்கு எடுக்கும்போதே, இனி என் பெயருக்கு இங்கே வருபவற்றை நான் ஏற்கிறேன் என்று முன்கூட்டி மனத்தால் ஏற்றுவிடுகிறார். தபாலகம் அந்த ஏற்பை நம்பி, அவர் வரும்வரை வைத்திருக்கிறது. ஆகவே பெட்டியில் போட்டது சேர்ப்பித்தல் ஆகாது, வழியில் விட்டுவிட்டுப் போனது போன்றதுதான் என்ற வாதம் நிற்காது. அங்கே சேர்ப்பித்தல் இரண்டு பேரின் வேலையாகப் பிரிகிறது: கொண்டுவருவது ஒருவர், வைத்திருப்பது இன்னொருவர். கூரியர் முறையில் இரண்டாவது வேலைக்கு இடமே இல்லை. ஆள் இருந்தால் பொதி கைமாறும். இல்லாவிட்டால் சில முயற்சிகளுக்குப் பிறகு திரும்பிவிடும். இருப்பவர்களுக்கு மட்டுமே கொடுக்கத் தெரிந்த முறை அது.

இல்லாதவர்களுக்கு எப்படி விலாசம் எழுதுவது? ஒன்றையொன்று அறியாத இரண்டு மரபுகள் இதற்கு ஏறத்தாழ ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கின்றன. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு போர்க்காலங்களில் பிரிந்த குடும்பங்களுக்கிடையே கொண்டுபோகும் செய்திப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். அது ஒட்டாத கடிதம். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். இலங்கைப் போரிலும் தடுப்பிலிருந்தவர்களுக்கும் வீட்டாருக்கும் இடையே அது போய்வந்தது. அந்தப் படிவம் விலாசத்தோடு நிற்பதில்லை. முழுப்பெயரையும் தகப்பன் பெயரையும் தாய் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்கும். கடைசியாகத் தெரிந்த இடம் பொய்த்துப்போகலாம். இன்னாரின் மகன் இன்னார் என்பது பொய்க்காது. இப்போது ஆடி அமாவாசையில் கீரிமலையில் இறங்கித் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்யும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். குருக்கள் அவரிடம் கேட்பது கோத்திரம், தகப்பன் பெயர், பேரன் பெயர், பூட்டன் பெயர். செத்தவர் இப்போது எங்கே என்று எந்தக் குருக்களும் கேட்பதில்லை. பெயரும் வழியுமே அங்கே விலாசம். இடம் அழிந்துபோன ஒருவருக்கு வேறு என்ன விலாசம்தான் எழுத முடியும்?

இதைக் கேட்டு உலோகாயதர் சிரித்தார்கள் என்பதை 14ஆம் நூற்றாண்டில் மாதவர் தொகுத்த சர்வதரிசன சங்கிரகம் பதிவு செய்திருக்கிறது. இங்கே படைக்கும் சோறு செத்தவனின் பசியைத் தீர்க்குமானால், பயணம் போகிறவன் ஏன் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் அவன் பெயரில் படைத்தால் போதாதா என்பது அவர்கள் கேள்வி. நல்ல கேள்வி. பொதியைக் கண்டறிய இணையத்தில் இலக்கம் போட்டுப் பார்க்கும் இக்காலத்தவருக்கு உலோகாயதர் மிக நெருக்கமானவர். சேர்ந்ததற்குச் சான்று காட்டு, இல்லாவிட்டால் சேரவில்லை என்று ஒத்துக்கொள் என்கிறார் அவர். இதற்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்வதைவிட, வேறு இரண்டு மரபுகள் எப்படி நேராக எதிர்கொண்டன என்று பார்ப்பது பயன் தரும். பாளி அங்குத்தர நிகாயத்தில் ஜாணுஸ்ஸோணி என்ற பிராமணர் புத்தரிடம் இதே ஐயத்தைக் கேட்கிறார். செத்த உறவினருக்குக் கொடுப்பது சேருமா? புத்தரின் பதில் வெறும் ஆமும் இல்லை, வெறும் இல்லையும் இல்லை. ஒரு குறிப்பிட்ட நிலையில் பிறந்தவருக்கே சேரும். அவர் அங்கே இல்லாவிட்டால் அங்கிருக்கும் வேறு உறவினருக்குச் சேரும். யாருமே இல்லாவிட்டாலும் கொடுத்தவர் பலனில்லாமல் போகமாட்டார். சேராத பொதியை என்ன செய்வது என்று தபால் திணைக்களங்கள் எழுதிவைத்திருக்கும் விதிகளை இதனோடு ஒப்பிட்டால், மனிதர் எல்லாக் காலத்திலும் ஒரே சிக்கலோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும்.

சைவ சித்தாந்தத்தின் விடை வேறு. வினை சடம், அது தானாக எழுந்து நடந்து உரியவரிடம் போய்ச் சேராது, அறிந்து கூட்டுவிக்கும் முதல்வன் ஒருவன் வேண்டும் என்பது அதன் அடிப்படைத் துணிபுகளில் ஒன்று. உடல் மாறும், உலகம் மாறும், உயிர் அதுவே. எந்த உடலில் எங்கே இருந்தாலும் அந்த உயிரை அறிந்தவனால்தான் பயனைச் சேர்ப்பிக்க முடியும். இறைவன் உண்டா என்ற கேள்வியை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் இந்த வாதத்தின் கட்டமைப்பு, நம்பாதவருக்கும் பயன்படும். சேர்ப்பித்தலுக்குத் தேவை வாகனமும் வழியும் மட்டுமல்ல, பெறுபவரை அறிந்த ஒருவர் என்கிறது அது. தபால் முறையின் வலிமையும் இதில்தான் இருந்தது. வன்னியின் உப தபாலகத்துத் தபாலதிபருக்கும் தபால்காரருக்கும் வீட்டிலக்கம் தேவைப்படவில்லை. இன்ன வாய்க்காலில் இன்னாரின் மருமகள், இப்போது தாய் வீட்டில் இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஆண்டுகளிலும் அரசாங்கத்தின் தபாலகங்கள் அங்கே இயங்கின. ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த இரண்டு தரப்புக்கும் நடுவே கடிதம் போய்வந்தது. ஆளை அறிந்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தது அதற்கு ஒரு காரணம்.

வைத்திருப்பது சும்மா இருப்பதுதானே, அதில் என்ன அறம் இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். வன்னியில் இந்தக் கேள்விக்கு விடை கோயிலாகவே நிற்கிறது. முல்லைத்தீவு நந்திக்கடல் ஓரத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன். வைகாசி விசாகப் பொங்கலுக்கு ஊர் ஊராகச் சனம் திரளும், கடல்நீரில் விளக்கு எரியும் தலம். அந்தக் கண்ணகி சிலப்பதிகாரத்தில் ஓர் அடைக்கலப் பொருள். கவுந்தியடிகள் அவளை மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். அந்த ஒப்படைப்புக்கென்றே ஒரு காதை இருக்கிறது. கோவலன் கொலையுண்டதும் மாதரி செய்தது என்ன? குற்றம் அவளுடையதல்ல, அரசனுடையது, பொற்கொல்லனுடையது. ஆனாலும் அடைக்கலம் காக்க முடியாமற்போனேன் என்று அவள் தீயில் இறங்கினாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பில் உயிர்விட்டார். ஒப்பம் வாங்கிக்கொண்டு என் பொறுப்பு தீர்ந்தது என்று சொல்லும் வழி மாதரிக்கு இருக்கவில்லை, அவள் அதைத் தேடவும் இல்லை. தீயில் இறங்கியதை நான் முன்மாதிரியாகக் காட்டவில்லை. பிறர் பொருளை வைத்திருப்பது இவ்வளவு கனமானது என்று தமிழ் மரபு கருதியதற்கு அது சான்று. இஸ்லாத்தின் அமானிதமும் இதே கனமுடையது. 622இல் மக்காவைவிட்டு வெளியேறிய நபிகள், தம்மிடம் மக்கத்தவர் வைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க அலியை அங்கே விட்டுச் சென்றார் என்பது வரலாறு. தம்மை விரட்டியவர்களின் பொருளும் அதில் அடக்கம்.

மறுப்புகள் உண்டு. பெட்டி இலக்கத்துக்குப் பின்னால் மோசடிக்காரர் ஒளியலாம். இடத்தோடு கட்டிய விலாசம் ஆளைப் பொறுப்புக்கு உள்ளாக்குகிறது என்பது ஒன்று. இது சரியே; ஆனால் பெட்டியை வாடகைக்கு எடுப்பவரை அடையாளங்கண்டு கொள்வது தபாலகத்தின் வேலை, அதைச் செய்தால் பெட்டி தெருவிலக்கத்தைவிட உறுதியான விலாசம். இரண்டாவது மறுப்பு இன்னும் கசப்பானது: வைத்திருப்பவர் துரோகம் செய்தால்? போர்க்காலத்தில் கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டதும், பொதிகள் சோதனைச் சாவடிகளில் கொட்டிக் கிளறப்பட்டதும் வன்னிக்குப் புதிதல்ல. நடுவில் நிற்பவர் யாரும் இல்லாமல் கைக்குக் கை கொடுப்பதே பாதுகாப்பு என்று அதனால் பலர் நினைக்கிறார்கள். அந்த அச்சத்தை நான் மறுக்கமாட்டேன். ஆனால் வைத்திருப்பவர் கெட்டுப்போகலாம் என்பதிலிருந்து வைத்திருக்கும் பணியே வேண்டாம் என்று முடிவுகட்டினால், கைநீட்டி வாங்க வரமுடியாத எல்லோரையும் கைவிட்டவர்களாவோம். மூன்றாவது மறுப்பு கூரியர்காரருடையது: நான் தரும ஸ்தாபனம் நடத்தவில்லை, முடிந்ததை மட்டும் வாக்களிக்கிறேன். இதில் எனக்குச் சண்டை இல்லை. முடியாததை முடியாது என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வணிகர், வாங்கிவிட்டுத் தொலைப்பவரைவிட நேர்மையானவர். கோளாறு அவர் விதியில் இல்லை. அந்த விதியையே சேர்ப்பித்தலுக்கு ஒரே இலக்கணமாக அரசும் நாமும் எடுத்துக்கொள்வதில் இருக்கிறது.

அரசு அப்படி எடுத்துக்கொண்டதன் மிகக் கொடிய விளைவை வன்னியில் வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் அனுபவிக்கின்றன. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய தொடர் போராட்டம், அதே மாதம் வவுனியாவிலும் மார்ச்சில் முல்லைத்தீவிலும் பரவியது. அந்தத் தாய்மாருக்கு மரணச் சான்றிதழ் தரப்பட்டது, இழப்பீடு பேசப்பட்டது. இறந்தார் என்று சொல்லாமல் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016இல் சட்டத்தில் இடம் உண்டானது. அது முந்தியதைவிடக் கண்ணியமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். அதே ஆண்டுச் சட்டத்தின் கீழ் காணாமல் போனோர் அலுவலகமும் அமைந்தது. ஆனாலும் பலர் எந்தத் தாளையும் வாங்க மறுத்தார்கள். அவர்களை அறியாதவர்கள் என்றும் அரசியல் தூண்டுதல் என்றும் சொன்னவர்கள் உண்டு. அந்த மறுப்பில் தெளிவான ஒரு நியாயம் இருக்கிறது. தாளை வாங்கி ஒப்பமிட்டால் அரசின் பொறுப்பு தீரும். கூரியர்காரரின் ஏட்டில் ஒரு வரி அடித்ததுபோல் கணக்கு முடியும். தாய் கேட்பது கைமாற்றம் அல்ல. தன் பிள்ளையின் பெயரில் ஒரு கணக்கை, உண்மை தெரியும்வரை, மூடாமல் வைத்திருக்கச் சொல்கிறார்.

இதே குடும்பங்களின் சமயச் சிக்கலும் இதுதான். ஆடி அமாவாசை வரும், சித்திரைப் பௌர்ணமி வரும், ஆட்டத்திவசம் எந்த நாளில் என்றே தெரியாது. பிதிர்க்கடன் செய்தால் பிள்ளை செத்துவிட்டான் என்று தன் வாயால் சொன்னதாகிவிடும். செய்யாவிட்டால், செத்திருந்தால் அவனைப் பட்டினி போட்டதாகிவிடும். எந்த விலாசத்துக்கு அனுப்புவது? காணாமற்போனவருக்கு இத்தனை ஆண்டு பொறுத்துக் கிரியை செய்யலாம் என்று தருமசாத்திரங்கள் கால எல்லை வகுத்திருக்கின்றன. அவற்றைக் காட்டி இந்தத் தாய்மாரை அவசரப்படுத்துவது சாத்திரத்தின் நோக்கத்துக்கே விரோதம். அந்த எல்லை, பொறுத்தது போதும் என்று நினைப்பவருக்கு அனுமதி; பொறுப்பவருக்கு விதித்த கட்டளை அல்ல. ஜாணுஸ்ஸோணிக்குக் கிடைத்த பதிலையும் இங்கே சேர்த்து நினைக்கலாம்: உரியவர் அங்கே இல்லாவிட்டால் கொடுத்தது வீணாவதில்லை. பிள்ளையின் பெயரில் ஓர் அன்னதானம் கொடுத்துவிட்டு, திவசம் என்று சொல்லாமல் இருப்பதற்குச் சைவத்தில் தடை ஏதும் எனக்குத் தெரியவில்லை. உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சேரட்டும் என்று பெயரைச் சொல்லிக் கொடுப்பது முழுமையான கொடைதான்.

மண்ணில் செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. அமெரிக்க அஞ்சல் துறை இப்போது பல இடங்களில், பெட்டி வைத்திருப்பவர்கள் தபாலகத்தின் தெரு விலாசத்தோடு தங்கள் பெட்டி இலக்கத்தை எழுத இடங்கொடுத்து, தனியார் கொண்டுவரும் பொதியைத் தானே ஒப்பமிட்டு வாங்கி உரியவருக்காக வைத்திருக்கிறது. போட்டியாளரின் பொதியை வாங்கி வைப்பதில் அதற்குக் கௌரவக் குறைச்சல் ஏதும் வரவில்லை. இலங்கைத் தபால் திணைக்களம் தன் சொந்தக் கூரியர் சேவையை நடத்துகிறது. கடிதங்களில் அதற்குள்ள தனியுரிமை 1908ஆம் ஆண்டின் தபாலகக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது. அந்தத் தனியுரிமையின் பெறுமதி கடிதம் குறையக் குறைய இறங்குகிறது. வைத்திருக்கும் பணியின் பெறுமதி ஏறுகிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து பிள்ளைகள் அனுப்பும் பொதிக்காக முதியவர் ஒருவர் தொலைபேசி அழைப்பை எதிர்பார்த்து ஏ9 வீதிச் சந்தியில் வெயிலில் நிற்கத் தேவையில்லை. உப தபாலகம் சிறு கட்டணத்துக்கு அதை வாங்கி வைக்கலாம். நட்டக் கணக்கைக் காட்டிக் கிராமத் தபாலகங்களைக் குறைக்க எண்ணும் எவரும், அவை எத்தனை முத்திரை விற்றன என்பதோடு எத்தனை பேரைப் பெயர் சொல்லி அறிந்திருக்கின்றன என்பதையும் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும்.